போர் கடந்த மண், ஈயம் தின்ற நிலம்: சிம்பாங் பூலாயில் காட்டை மீட்கும் வழி

1941 டிசம்பர் கடைசி வாரத்தில் ஈப்போவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, பெருஞ்சாலை வழியே சிம்பாங் பூலாயைத் தாண்டித் தெற்கே இறங்கியது. கோப்பெங்கில் மோதல் நடந்தது. கம்பார் மேடுகளில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை இந்திய, கூர்க்கா, பிரிட்டிஷ் வீரர்கள் அவர்களைத் தடுத்து நின்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1948 ஜூனில், இதே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காடே போர்க்களமானது. பதுங்கித் தாக்குவோருக்கு மறைவிடம் கிடைக்கக்கூடாது என்று சாலையோரப் புதர்களின்மேல் களைக்கொல்லி தெளிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

ஆனாலும் சிம்பாங் பூலாய் இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணைப் புரட்டிப் போட்டது ஈயம். போர் கடந்து போனது, ஈயம் நூறு ஆண்டுக்குமேல் தங்கியது. 1985இல் ஈய விலை சரிந்தபோது லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியவை குட்டைகள், வெள்ளை மணல் மேடுகள், உளைச்சேறு. அவற்றை ஒட்டிப் பழைய ரப்பர்த் தோட்டங்கள், பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளின் ஒரு பக்கத்தில் குவாரி. மீட்க வேண்டிய நிலம் இங்கே இப்படித்தான் கலந்து கிடக்கிறது.

ஒன்றிரண்டு ஹெக்டர் நிலத்தில் வேலை செய்ய முன்வரும் குடியிருப்பாளர் சங்கம், ஆலய இளைஞர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியோருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. பத்துப் பதினைந்து பேர் போதும். ஐந்து ஆண்டுப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

வரிசைதான் முக்கியம்

மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காதான் போரில் அழிந்து மீண்ட காடுகளில் அதிகம் பேசப்படுவது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கிருந்த பெருவிலங்குகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் அழிந்தன. 2004இல் அரசும் கார் அறக்கட்டளையும் கைகோத்து மீட்பைத் தொடங்கின. காவலர்கள் அமர்த்தப்பட்டார்கள், கண்ணிகள் அகற்றப்பட்டன, சுற்றுக் கிராமங்களோடு பேச்சு நடந்தது. அதன்மேல்தான் காட்டெருமைகள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டன. காட்டுநாய்கள் வந்தது 2018இல். இரை பெருகி, காவல் உறுதியான பிறகே வேட்டை விலங்கு வந்தது.

வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் வில்பத்து சாட்சி. போரால் 1980களில் மூடப்பட்ட அந்தப் பூங்கா 2003இல் திறந்தது. 2006 மே மாதம் உள்ளே வெடித்த நிலக்கண்ணி, சுற்றிப் பார்க்க வந்தவர்களின் உயிரைப் பறித்தது. எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் அதில் இறந்தார். மீண்டும் மூடிய வாசல் 2010இல்தான் திறந்தது.

சிம்பாங் பூலாயில் ஒரு சிறு குழுவுக்குப் பொருந்தும் வரிசை இது:

1. நிலம் யாருடையது என்று அறிதல்
2. ஆபத்தை அகற்றுதல்
3. நடந்துகொண்டிருக்கும் சேதத்தை நிறுத்துதல்
4. மண்ணைத் தேற்றுதல்
5. நடுதல்
6. குட்டையின் கரையைச் சீராக்குதல்
7. விலங்குகள் வர வழி விடுதல்

மரம் நடும் நாளில் எடுக்கும் படத்துக்காக ஐந்தாம் படியிலிருந்து தொடங்கும் குழுக்கள் ஏராளம். அடுத்த வறட்சியில் அந்தக் கன்றுகள் காய்ந்து நிற்கும்.

படி 1: நிலம் யாருடையது?

ஆளில்லாமல் கிடக்கும் நிலம் எல்லாம் பொது நிலம் அல்ல. பழைய லம்ப நிலத்துக்கும் தோட்டத் துண்டுக்கும் பெரும்பாலும் உரிமையாளர் உண்டு. இல்லாவிட்டால் அது மாநில அரசுக்குச் சொந்தம். கிந்தா மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியில் 'செய்யுங்கள்' என்று சொன்னவர் இரண்டு ஆண்டில் நிலத்தை விற்றுவிட்டால், நட்டதெல்லாம் புல்டோசருக்குப் போய்விடும்.

படி 2: ஆபத்தை அகற்றுதல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. நான்கு வகை ஆபத்துகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

*வெடிக்காத குண்டு.* மலேசியாவில் கட்டடத் தளங்களிலும் தோண்டும் இடங்களிலும் இரண்டாம் உலகப் போர்க் குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. துருப்பிடித்த உருளை, வால் துடுப்புள்ள இரும்பு, உருண்டையான கனத்த உலோகம் எதைக் கண்டாலும்:

1. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள்.
2. வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள்.
3. தூரத்தில் அடையாளம் வைத்து எல்லோரையும் வெளியேற்றுங்கள்.
4. 999க்கு அழையுங்கள். காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுக்கும்.

துரு ஏறிய குண்டு செத்துப்போன குண்டு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உள்ளிருக்கும் மருந்து பல பத்தாண்டுகள் தாங்கும். வீட்டில் அலங்காரத்துக்கு வைக்க எடுத்துப் போகும் ஆசை யாருக்கும் வரவே கூடாது.

*உளைச்சேறு.* ஈய மண்ணைக் கழுவியபோது பிரிந்த நுண்சேறு தனிக் குட்டைகளில் தேங்கியது. மேற்பரப்பு காய்ந்து, வெடித்து, புல்லும் முளைத்திருக்கும், அடியில் இன்னமும் கூழாகவே இருக்கும். நீண்ட மூங்கில் கழியால் குத்திப் பார்க்காமல் ஒரு அடியும் வைக்கக்கூடாது. கழி எளிதாக இறங்கினால் அந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிவிடுங்கள். அங்கே நடும் வேலையே வேண்டாம்.

*குட்டை.* லம்பக் குட்டையின் கரை படிப்படியாக ஆழமாவதில்லை. இரண்டடி தள்ளினால் ஆளை விழுங்கும் ஆழம். மணல் விளிம்பு காலடியில் சரியும். தனியாக யாரும் கரைக்குப் போகக்கூடாது. மிதவையும் கயிறும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகளை நீர் விளிம்பு வேலையில் சேர்க்கவே வேண்டாம். சில குட்டைகளின் நீரிலும் மீனிலும் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகம் இருக்கக்கூடும். பரிசோதிக்கும்வரை அந்த மீனைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

*கருமணல்.* ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனத்த கருமணலை இங்கே 'அமாங்' என்பார்கள். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது. குவியலாகக் கண்டால் அள்ளாதீர்கள், பூந்தொட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள், நில அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

> குறிப்பு: நீளமான காலணி, கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் யாரையும் வேலைக்கு விடாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஈரமண்ணில் வேலை செய்வோரைத் தாக்கும். காலில் புண் உள்ளவர் அன்று நாற்றுப்பையில் மண் நிரப்பும் வேலையைப் பார்க்கலாம்.

படி 3: சேதத்தை நிறுத்துதல்

குப்பை கொட்டுதல், தீ, கண்ணி. இம்மூன்றும் நிற்காத இடத்தில் கன்று நடுவது வீண்.

லாரி நுழையும் வழியைப் பாறை வைத்து மறித்தாலே குப்பையில் பெரும்பகுதி குறையும். கண்ணி வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கம்பிக் கண்ணியைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வைத்தவரைத் தேடிப் போய்ச் சண்டை போடுவது குழுவின் வேலை அல்ல.

தீக்குக் காரணம் லாலான் புல். வறண்ட மாதங்களில் ஒரு சிகரெட் துண்டு போதும். எல்லையைச் சுற்றி மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்குப் புல்லில்லாத பட்டை வேண்டும். நிலத்தைச் சுத்தம் செய்யத் தீ வைப்பது சட்ட விரோதம் மட்டுமல்ல, தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளையும் அது கொன்றுவிடும்.

லாலானை வெட்டினால் வாரத்திலேயே திரும்பத் துளிர்க்கும். படுக்க வைப்பதே நல்லது. ஒரு மீட்டர் நீளப் பலகையின் இரு முனைகளிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பலகையைத் தூக்கிப் புல்லின்மேல் வைத்து, ஒரு காலால் முழு எடையையும் கொடுத்து மிதிக்க வேண்டும். தண்டு ஒடிந்துவிடாமல் மடிந்து படுக்கும். அடுத்த அடி, அடுத்த மிதி, எல்லாம் ஒரே திசையில். வெட்டிய தண்டு உடனே துளிர்ப்பதுபோல மடிந்த தண்டு துளிர்க்காது. தன்னடியில் உள்ள புல்லுக்கு அதுவே நிழலாகி அடக்கும். படுத்த புல்லில் தீயும் மெதுவாகவே பரவும். இதைத் தொடங்குமுன் புல்லுக்குள் நடந்து, முளைத்து நிற்கும் ஒவ்வொரு காட்டுக் கன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு வண்ணத் துணி கட்டுங்கள். மஹாங், செண்டுடோக், லெபான் போன்றவை அப்படி மறைந்து நிற்கும். நாற்றுமேடையில் வளர்த்த கன்றைவிட இவை பத்து மடங்கு மதிப்புள்ளவை, ஏனென்றால் அந்த மண்ணை ஏற்கெனவே ஜெயித்தவை.

படி 4: மண்ணைத் தேற்றுதல்

லம்ப மணலில் சத்தும் இல்லை, நீரைப் பிடிக்கும் களியும் இல்லை. உச்சிவெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது, இளம் வேர் அந்தச் சூட்டில் வெந்துவிடும். ஆனாலும் மீட்க முடியாத நிலம் அல்ல. சிலாங்கூரின் கெப்போங்கில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த இடத்தில் 1926இல் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அது மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடு, 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதே கழகம் பேராக்கின் பீடோரில் ஈய மணலுக்கென்றே தனி நிலையம் நடத்துகிறது. இப்படி ஒரு குழு தொடங்குமுன் அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்துவருவது பெரிய உதவி.

செய்ய வேண்டியவை:

1. முழு நிலத்துக்கும் எரு போட முயலாதீர்கள், பணம் தாங்காது. கன்று நடும் குழிகளை மட்டும் தேற்றுங்கள்.
2. குழி அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். சங்குலால் (மண்வெட்டியால்) இரண்டு பேர் சேர்ந்து வெட்டலாம்.
3. மக்கிய கோழி எரு, மேல்மண், மணல் மூன்றையும் கலந்து நிரப்பி, மழையில் சில வாரம் ஆற விடுங்கள். பச்சை எரு வேரை எரிக்கும்.
4. கன்றைச் சுற்றிச் செம்பனை ஆலையின் வெற்றுக் குலைகளைப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், சூடு தணியும், மக்கி உரமும் ஆகும். தண்டைத் தொடாமல் ஒரு கையளவு இடம் விடுங்கள்.
5. இடைவெளியில் பயறுக் குடும்பக் கொடி விதைக்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கிடையே படரவிட்ட அதே கொடிதான். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஆனால் கன்றின்மேல் ஏறிவிடும், மாதம் ஒருமுறை வட்டமாக வெட்டிவிட வேண்டும்.

படி 5: நடுதல்

வியட்நாமின் கான் ஜியோ சதுப்புக்காட்டைப் போரின்போது அமெரிக்கப் படை களைக்கொல்லி தெளித்துச் சுடுகாடாக்கியது. 1978 முதல் தெற்கே கா மாவிலிருந்து விதை கொண்டுவந்து மக்கள் நட்டார்கள். நட்டது பெரும்பாலும் ஒரே மரம். பேராக்கின் மாத்தாங் சதுப்புக்காட்டில் கரிக்கு வெட்டப்படும் அதே பக்காவ் மின்யாக். காடு திரும்பியது, 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஒரே இனம், ஒரே வயது மரங்கள் நெருங்கி நின்றதால் பின்னர் இடைவெட்டும் பிற இனங்களைச் சேர்ப்பதும் தேவைப்பட்டன. நம் குழு முதலிலேயே கலந்து நடலாம்.

*முதல் அலை:* வெயிலைத் தாங்கி விரைவில் நிழல் கொடுப்பவை. மஹாங், கெலம்பாயான் (நம் வெண்கடம்பு), லெபான், நீரோரத்தில் பூத்தாட்.

*இரண்டாம் அலை:* ஓரிரு ஆண்டு கழித்து, முதல் அலையின் நிழலில். பூலாய் (ஏழிலைப்பாலை), காட்டு அத்தி வகைகள், நாவல் இனத்துக் கெலாட், மெராவான். அத்தியை ஒருபோதும் விடாதீர்கள். ஆண்டில் பல தடவை பழுக்கும், பறவை முதல் குரங்கு வரை எல்லாம் அதைத் தேடி வரும், வந்தவை வேறு விதைகளையும் விட்டுப் போகும்.

மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 1,100 கன்று ஆகும். அத்தனையையும் ஒரே மழையில் நட வேண்டாம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் ஈப்போ வட்டாரத்தில் மழை கூடும். அதைப் பிடித்து இரு தவணையாக நடலாம்.

நடும்போது கவனிக்க:

1. நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாற்றுமேடையின் நிழல்வலையைச் சிறிது சிறிதாக விலக்கி, கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள்.
2. பையின் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் கூரிய கத்தியால் சுற்றை நறுக்கிவிட வேண்டும். அப்படியே நட்டால் வேர் மண்ணுக்குள்ளும் வட்டமாகவே சுற்றி, மூன்றாம் ஆண்டில் நல்ல உயரத்தில் நிற்கும் மரம் ஒரு புயலில் சாய்ந்துவிடும்.
3. பிளாஸ்டிக் பையை முழுவதும் கழற்றி வெளியே கொண்டுபோங்கள்.
4. மாலையில் நடுங்கள், நட்ட உடனே ஒரு வாளி நீர் ஊற்றுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: அகேசியா மாங்கியம் மணலில் மளமளவென்று வளரும். அதனாலேயே பலர் நடுகிறார்கள். பிறகு விதை பரவி மற்றதை நெருக்கும். ஏற்கெனவே நிற்பதை நிழலுக்காக வைத்து, அடியில் காட்டு மரம் தேறியதும் படிப்படியாக வெட்டலாம். புதிதாக நட வேண்டாம்.

பழைய ரப்பர் மரங்களையும் ஒரே நாளில் சாய்க்காதீர்கள். பால் வற்றிய மரமும் நல்ல நிழல் மரம். அடியில் காட்டுக் கன்றுகளை நட்டு, அவை இடுப்புயரம் தாண்டியதும் இடையிடையே எடுத்துவிடலாம். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மரங்களோடு உள்ள உறவையும் இந்த முறை மதிக்கிறது.

> குறிப்பு: மேட்டில் ஆங்காங்கே மூங்கில் கழி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டுங்கள். பறவை வந்து அமரும், எச்சத்தோடு விதை விழும். செலவே இல்லாத நாற்றுமேடை.

மலையடிவாரக் காட்டின் மரங்களை, பூக்கும் பருவத்தை, விதை முளைக்கும் முறையை ராயா ஆற்றின் மேற்பகுதியில் வாழும் செமாய்ப் பழங்குடி மக்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. அவர்களிடம் விதை வாங்கினால் நியாயமான விலை கொடுத்து வாங்க வேண்டும். கொரொங்கோசாவில் மலைச்சரிவில் காட்டு மரம் நட்டு, அதன் நிழலில் காப்பி வளர்த்து, அங்குள்ள குடும்பங்களுக்கு வருமானம் ஏற்படுத்தினார்கள். சிம்பாங் பூலாயில் பெத்தாயும் டுரியானும் காப்பியின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 6: குட்டையின் கரை

பத்து காஜாவின் கிந்தா இயற்கைப் பூங்கா பழைய ஈயக் குட்டைகளால் ஆனது. இன்று கொக்கும் நாரையும் வக்காவும் கூட்டமாகக் கூடுகட்டும் இடமாகப் பெயர் பெற்றிருக்கிறது. பறவைகள் அங்கே கேட்டது ஆழமற்ற நீர், நாணல், மனிதர் நெருங்காத மரத்திட்டு ஆகிய மூன்றைத்தான்.

கரையில் சிறு பகுதியை மட்டும் சாய்வாக்கி, கோரையும் நாணலும் பிடிக்கச் செய்யுங்கள். செங்குத்துக் கரையைச் சங்குலால் வெட்டிச் சாய்க்க முயலாதீர்கள், அது இயந்திரமும் பொறியாளரும் பார்க்க வேண்டிய வேலை. ஆகாயத்தாமரையை மாதந்தோறும் கரையேற்றிக் காயவிடுங்கள்.

குட்டையில் மீனோ ஆமையோ விடவே கூடாது. நேர்த்திக்கடனுக்கும் புண்ணியத்துக்கும் விடப்படும் சிவப்புக்காது ஆமை, தூண்டில்காரர்கள் விட்ட ராஜா மீன் இரண்டும் வெளிநாட்டு உயிர்கள், உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்ப்பவை. ஆலய நிர்வாகத்திடம் பணிவாக எடுத்துச் சொல்லி, உயிரை விடுவதற்குப் பதில் மரக்கன்று நடும் வழக்கத்தை முன்வைக்கலாம்.

குன்றுக்குத் தனி விதி

சுண்ணாம்புக் குன்றில் நடவே வேண்டாம். சில நத்தைகள் ஒரே ஒரு குன்றில் மட்டுமே வாழ்பவை. கந்தான் குன்றில் மட்டும் அறியப்பட்ட பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து கொண்டுபோகும் மண்ணும் செடியும் அவற்றுக்குக் கேடு. அடிவாரத்தில் ஒரு பட்டை அகலத்துக்கு மரம் வளர்த்து, தீயும் தூசியும் குன்றை எட்டாமல் காப்பதே குழு செய்யக்கூடிய பெரிய உதவி.

குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் தங்குகின்றன. இரவில் பல கிலோமீட்டர் பறந்து டுரியான், பெத்தாய்ப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை இவைதான். குகைக்குள் தீப்பந்தமும் கூச்சலும் போனால், அடுத்த பருவத்தில் டுரியான் தோட்டக்காரருக்கே நஷ்டம். உள்ளே போக வேண்டியிருந்தால் முகக்கவசம் அணியுங்கள், எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். வௌவாலைக் கையால் தொடாதீர்கள். பழவௌவாலிலிருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதருக்கும் தாவிய நிப்பா நோய் 1998இல் தலைகாட்டியது இதே ஈப்போ வட்டாரப் பண்ணைகளில்தான். தவறு வௌவாலுடையது அல்ல. அதன் இருப்பிடத்தை நாம் எப்படி நெருங்கினோம் என்பதில்தான் இருந்தது.

படி 7: விலங்குகள்

கொரொங்கோசாவைப் போல விலங்கை வண்டியில் ஏற்றி வருவது அரசின் வேலை. சிறு குழு ஒரு அணிலைக்கூடக் கொண்டுவந்து விடக்கூடாது. முதலில் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் வரும். கொண்டைக்குருவிகளும் பூங்கொத்திகளும் விதை சுமந்து வரும். புனுகுப்பூனை இரவில் நடமாடும். நீண்டவால் குரங்கு வந்தால் உணவு போடாதீர்கள், போட்டால் அடுத்த மாதம் வீட்டுச் சமையலறைக்குள் நிற்கும். கேமரன் மலைச் சாலை ஏறும் கிந்தா மலைக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பெருவிலங்கு இறங்கிய தடம் தெரிந்தால் வேலையை நிறுத்தி, பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

பதிவேடு

ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் போதும். மாதம் ஒருமுறை எழுத வேண்டியவை:

1. உயிரோடு நிற்கும் கன்றுகள், இனம் வாரியாக.
2. செத்தவை, காரணத்தோடு: வறட்சி, புல், மாடு, தீ.
3. நடாமலே முளைத்த கன்றுகள்.
4. காலை ஒரு மணி நேரத்தில் கண்ட பறவைகள்.
5. ஒரே இடத்தில், ஒரே திசையில் எடுத்த ஒரு படம். அந்த இடத்தில் ஒரு கல் நட்டு வையுங்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒரே இனத்தில் பாதிக்குமேல் செத்திருந்தால் அதே இனத்தைத் திரும்ப நடாதீர்கள். பக்கத்தில் தானாக முளைத்தது எதுவென்று மூன்றாம் வரிசையைப் பார்த்து, அதன் விதையைச் சேகரியுங்கள். மூன்றாம் ஆண்டு முதல் நீர் ஊற்றத் தேவையில்லை, கொடி அறுப்பதும் தீப்பட்டையைப் பராமரிப்பதும் மட்டும் தொடர வேண்டும். ஐந்தாம் ஆண்டில் நிழல் கூடி லாலான் மறைந்த இடங்களை வரைபடத்தில் பச்சையாகக் குறித்து, மிச்சமுள்ள ஆட்களையும் எருவையும் இன்னும் வெள்ளை மணலாகக் கிடக்கும் மூலைக்கு மாற்றுங்கள்.